பேரேட்டில் ஏறாத செலவு

ஆனி, ஆடி மாதங்களில் இராஜபாளையத்திலிருந்து தென்காசி, சுரண்டைப் பக்கம் கொள்முதலுக்குப் போய்வரும் வணிகர்கள், வழியில் காற்றாலைகள் சுழல்வதைப் பார்த்திருப்பார்கள். இன்னும் தெற்கே முப்பந்தல் வரை போனால் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் அவைதான். அவற்றில் நம் வட்டாரத்து நூற்பாலைகளும் சிமெண்ட் நிறுவனமும் நிறுவியவை உண்டு. இயற்கையைக் காக்கும் நல்லெண்ணத்தால் வந்தவை என்று மேடையில் சொல்வார்கள். நல்லெண்ணம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கோபுரங்களை அங்கே நட்டு வைத்தது பேரேட்டில் உள்ள ஒரு தலைப்பு. அதன் பெயர் தேய்மானம்.

மளிகைக் கடைக்காரனுக்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சற்றுப் பொறுமையாகப் படித்தால் நம் கல்லாவுக்கே வந்து சேரும் சங்கதி இது.

தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை 1986-லேயே தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசின் முன்மாதிரியாக வந்துவிட்டது. காற்றும் நேற்று வந்ததல்ல. ஆனாலும் தனியார் ஆலைகள் 1990-களில்தான் வரிசையாகப் பணம் போட்டன. காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். காற்றாலைக்குப் போட்ட முதல் முழுவதையும், அதாவது 100 சதவீதத்தையும், முதல் ஆண்டிலேயே தேய்மானமாக எழுதிக் கொள்ள வருமான வரிச் சட்டம் அனுமதித்தது. 1990-களின் நடுவில் கம்பெனிகளுக்கான வரி மேல்வரியோடு சேர்த்து 46 சதவீதம். ஒரு கோடி ரூபாய்க்குக் காற்றாலை போட்ட ஆலைக்கு, அந்த ஆண்டு வரியில் மட்டும் 46 லட்சம் மிச்சம். போதாததற்கு, முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகக் கொண்டுவந்து இராஜபாளையத்து ஆலையின் பில்லில் கழித்துக் கொள்ளவும் வழி செய்தார்கள். நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம். 1936-இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதல் ராம்கோ குழுமத்தின் சிமெண்ட் நிறுவனம் வரை காற்றாலை பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. கணக்கு அப்படி வழிகாட்டியது.

அதே கணக்கு தவறான வழியும் காட்டியது என்பதை மறைக்கக் கூடாது. தேய்மானம் கோபுரத்துக்குக் கிடைத்ததே தவிர, அது கொடுத்த யூனிட்டுக்குக் கிடைக்கவில்லை. காற்று வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. ஆனால் காற்றாலையை ஓடவிடும் அவசரமோ மார்ச் மாதக் கடைசியில். ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினாலும் பாதித் தேய்மானம் உண்டே! காற்றின் பஞ்சாங்கம் ஒரு பக்கம், ஆடிட்டர் பஞ்சாங்கம் ஒரு பக்கம். நல்ல இடமா, நல்ல இயந்திரமா, பத்து வருடம் ஓடுமா என்பதைப் பார்க்காமல் வரிக்காக மட்டும் நட்டவர்களும் இருந்தார்கள். இதை உணர்ந்துதான் 2009 டிசம்பரில் மத்திய அரசு, கிரிட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று இன்னொரு வழியைத் திறந்தது. கோபுரத்தை எண்ணுவதை விட்டு யூனிட்டை எண்ணும் முறை அது.

தேய்மான விகிதம் 2002-இல் 80 சதவீதமாகக் குறைந்தது. 2012 ஏப்ரலில் அந்தச் சலுகையே நின்றது. யூனிட் ஊக்கத்தொகையும் அதே சமயம் நின்றது. விளைவு என்ன? 2011-12-இல் நாடு முழுவதும் சுமார் 3,200 மெகாவாட் காற்றாலைகள் வந்தன. அடுத்த ஆண்டு வந்தது சுமார் 1,700 மெகாவாட்தான். காற்று குறையவில்லை, இயற்கை மீதிருந்த அன்பும் ஒரே வருடத்தில் பாதியாகிவிடவில்லை. பேரேட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். 2014-இல் 80 சதவீதத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதம் என்று ஆக்கியிருக்கிறார்கள்.

இப்போது பெரிய நிறுவனங்களுக்குக் கணக்கு இன்னும் விரிந்துவிட்டது. பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் லாப நட்டத்தோடு வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை என்று ஒன்றையும் வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு, அந்தக் கழிவு எங்கே போனது, ஒரு ரூபாய் விற்பனைக்கு இவை எவ்வளவு வீதம் என்றெல்லாம் எழுதிக் காட்ட வேண்டும். இராஜபாளையத்தில் பதிவு அலுவலகம் வைத்திருக்கும் ராம்கோ சிமெண்ட்ஸ் ஆண்டறிக்கையோடு இதையும் வெளியிடுகிறது. 2023-இல் செபி இன்னொரு படி போய், பெரிய நிறுவனங்கள் தம்மிடம் வாங்குவோர், தமக்கு விற்போர் கணக்கையும் சேர்க்க வேண்டும் என்றது. பிறகு தவணையைத் தள்ளி, விருப்பமிருந்தால் செய்யலாம் என்று தளர்த்திவிட்டது. அதிலும் கொள்முதலிலோ விற்பனையிலோ 2 சதவீதமாவது தனியாக உள்ளவர்தான் சேர்த்தி. சோப்புக் கம்பெனியின் விற்பனையில் நம் கடை 2 சதவீதமாக என்றைக்கு ஆகப் போகிறது? அந்தப் புத்தகத்தில் நாம் இல்லை.

சலுகைப் புத்தகத்திலும் நாம் இல்லை. இதைத்தான் நம் உறுப்பினர்களில் பலர் கவனிக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் உத்தேச லாப முறையில் வருமான வரி கட்டுகிறவர்கள். ஆண்டு விற்பனை 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் 3 கோடி வரை, விற்பனையில் 8 சதவீதமோ 6 சதவீதமோ லாபம் என்று காட்டிவிட்டால் புத்தகம் எழுத வேண்டியதில்லை. சௌகரியமான முறைதான், நாமும் அதில்தான் இருக்கிறோம். ஆனால் அந்த முறையில் தேய்மானம் உள்ளடக்கம். தனியாகக் கழிக்க முடியாது. கடை மாடியில் சூரிய மின்தகடு போட்டால் நூற்பாலைக்கு 40 சதவீதத் தேய்மானம் கிடைக்கும். நமக்குக் காசு கிடையாது. சரி, மானியமாவது உண்டா என்றால், 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை தருகிறார்கள். அது குடியிருப்பு வீட்டுக்கு, கடைக்கு இல்லை. ஆலைக்கு ஒரு வழி, வீட்டுக்கு ஒரு வழி, நடுவில் வணிகக் கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் கடைக்கு வழி இல்லை. இதைக் கேட்க வேண்டியது நம் சங்கங்களின் கடமை. கேட்கும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். வெறும் கோரிக்கை மனுக்கள் எத்தனை கட்டு போயிருக்கின்றன என்று நமக்கே தெரியும்.

கணக்கு என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். இந்த வகைக் கணக்கு பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்ததல்ல. நம் கடைகளில் இருந்ததுதான்.

முப்பது வருடத்துக்கு முன் கடை வைத்திருந்தவர்களுக்குக் காலிக் கணக்கு ஞாபகம் இருக்கும். கலர், சோடா வரும்போது பெட்டிக்கு இவ்வளவு, பாட்டிலுக்கு இவ்வளவு என்று டெபாசிட் கட்டுவோம். சரக்கு ஒரு பக்கம், காலி ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதுவோம். வாடிக்கையாளர் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனால் காசு வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுப்போம். ஒரு பாட்டில் உடைந்தால் கடைப் பையன் அன்று முழுவதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவான். அரிசி, பருப்பு வந்த காலிச் சாக்குக்கு விலை உண்டு. எண்ணெய் டின்னுக்கு விலை உண்டு. மொத்தக் கடையில் காலிச் சாக்குக்கென்றே பேரேட்டில் தனிப் பக்கம் இருந்தது. ஆகையால் கண்மாயில் சோடா பாட்டில் மிதந்ததில்லை. தெருவில் கிடந்த சாக்கை யாரும் எடுக்காமல் விட்டதில்லை. அன்றைக்கு நாம் யாரும் சுற்றுச்சூழல் என்று பேசவில்லை. காலிக்குக் கணக்கு இருந்தது, அவ்வளவே.

பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. சாஷே வந்தது. கம்பெனிக்குக் காலியைத் திரும்ப எடுக்கும் வண்டிச் செலவு மிச்சம். நமக்கு இடம் மிச்சம், உடையும் பயம் மிச்சம். நமக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்றோடு பேரேட்டில் காலிப் பக்கம் மூடப்பட்டது. அந்தச் செலவு மறைந்துவிட்டதா? அது நகராட்சிக் கணக்குக்குப் போனது, வாறுகாலுக்குப் போனது. ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளர் கூட்டி அள்ளுவதில் பெரும்பகுதி நம் கடைகளில் விற்ற உறைகளே. மேற்கே மலை முழுவதும் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர்தான் நம் கண்மாய்களுக்கு வருகிறது. ஓடை அடைத்தால் முதலில் தண்ணீர் புகுவது பள்ளத்தில் இருக்கும் கடைக்குள்தான்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. தூக்குப்பை வைத்திருந்த கடைக்கு அபராதம் போட்டார்கள். கம்பெனியிலேயே அடைத்து ஒட்டி வரும் உறைக்கு விலக்கு இருந்தது. அந்த விலக்கை 2020-இல் அரசு எடுத்துவிட்டதாக ஆணை வந்த பிறகும், அலமாரியில் சரம் சரமாகத் தொங்குவது அதே உறைகள்தான். பொட்டலம் கட்டிக் கொடுத்த நாம் குற்றவாளி, பளபளப்பு உறையில் அடைத்து அனுப்பியவர் தொழிலதிபர் என்ற வருத்தம் நம் உறுப்பினர்களுக்கு உண்டு. வருத்தம் நியாயமானது. ஆனாலும் மஞ்சப்பையை எதிர்ப்பது அதற்குப் பதில் ஆகாது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோதே நாம் ஆதரித்திருக்க வேண்டும். தூக்குப்பை இலவசமாகக் கொடுத்த காலத்தில் அதற்கு ஆன செலவு நம் பணம்தானே.

உறைக்குக் கம்பெனிகளைப் பொறுப்பாக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-இன் பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022 பிப்ரவரியில் சேர்த்த வழிமுறைப்படி, உறை போட்டுச் சந்தைக்கு அனுப்பும் நிறுவனம் அதே அளவு கழிவைத் திரும்பச் சேகரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். 2021-22-க்கு 25 சதவீதம், அடுத்த ஆண்டுக்கு 70, 2023-24 முதல் 100 சதவீதம். தானே சேகரிக்காவிட்டால், மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். இங்கேதான் பழைய காற்றாலைக் கதை திரும்புகிறது. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது, ஒரு சில மறுசுழற்சி நிறுவனங்கள் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ் கொடுத்திருந்தது தெரியவந்தது. சரக்கே நகராமல் பில் மட்டும் நகரும் வித்தை ஜி.எஸ்.டி.யில் நமக்குத் தெரிந்ததுதான். யாரோ போட்ட போலி பில்லுக்காக உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டி நொந்தவர்கள் நம்மிலேயே உண்டு. காகிதத்தில் கழிவு குறைந்து தெருவில் குறையாமல் இருந்தால் அந்தக் கணக்கில் எங்கோ ஓட்டை என்று பொருள். தெருவில் எவ்வளவு கிடக்கிறது என்பதைச் சொல்லக்கூடியவர் கம்பெனி ஆடிட்டர் அல்ல. கல்லாவில் உட்கார்ந்து தினம் பார்க்கிற நாம்தான்.

காலியைத் திரும்ப எடுப்பது நடக்காத காரியம் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். நீலகிரியில் 2022-இல் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொண்டுவந்தால் 10 ரூபாயைத் திருப்பித் தரும் முறை வந்தது. பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அதைக் கொண்டுபோனார்கள். கடை ஊழியர்களுக்கு வேலைப்பளு, இட நெருக்கடி என்ற குறைகள் அதில் உண்டு. நமக்கு அப்படி ஒரு முறை வந்தால் எடுத்து வைக்கும் இடத்துக்கும் ஆளுக்கும் கமிஷன் கேட்க வேண்டும். எவ்வளவு கேட்பது? அதற்கும் கணக்கு வேண்டும்.

உறையைப் போலவே கடைக்குள் எழுதப்படாத செலவுகள் இன்னும் இருக்கின்றன. கம்பெனி இலவசமாகக் கொண்டுவந்து வைக்கும் குளிர்பான ஃபிரிட்ஜைப் பாருங்கள். பெட்டி இலவசம், மின்சாரம் நம்முடையது. கண்ணாடிக் கதவு, உள்ளே இரவு பகல் விளக்கு. நாளைக்கு 5 யூனிட் என்று வைத்தாலும் மாதம் 150 யூனிட். யூனிட் சுமார் 10 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். நம் கடையிலும் ஒன்று இருந்தது. மின்கட்டணம் மொத்தமாக ஒரே தலைப்பில் எழுதியதால் பல வருடம் அதை யோசிக்கவே இல்லை. சென்ற கோடையில் தனி மீட்டர் ஒன்றை மாட்டி ஒரு மாதம் எழுதிப் பார்த்தோம். அதில் விற்ற குளிர்பானத்தில் கிடைத்த லாபத்தைவிடக் கரண்ட் செலவு சற்றே குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் எழுதியிருந்தால் தலைகீழாக இருந்திருக்கும். மழைக்காலத்தில் அணைத்து வைக்கிறோம் என்றதற்கு, சேல்ஸ்மேன் ஃபிரிட்ஜை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றார். கணக்கை எடுத்துக் காட்டியதும் பேச்சு மாறியது. இப்போது நான்கு மாதம் அணைத்து வைக்கிறோம். ஃபிரிட்ஜ் இன்னும் கடையில்தான் இருக்கிறது.

அதே மாதத்தில் காலாவதிச் சரக்கையும் எழுதினோம். ஏஜென்ட் திரும்ப எடுத்தது போக, எடுக்காமல் நம் தலையில் நின்றது 2,140 ரூபாய். ஜி.எஸ்.டி.யில் வழக்கமான பதிவு வைத்திருப்பவர்கள், கெட்டுப்போய் அழித்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்பது சட்டம். பலர் இதை எழுதுவதே இல்லை, நோட்டீஸ் வரும்போதுதான் விழிக்கிறார்கள். அட்டைப்பெட்டி விற்ற காசு எவ்வளவு என்று பார்த்தால், 900 சொச்சம். இத்தனை நாளும் அது கணக்கில் வராமல் டீச் செலவுக்குப் போயிருக்கிறது. போகட்டும், பையன்கள் டீ குடிப்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் விலை உள்ள கழிவு எது, விலை இல்லாத கழிவு எது என்பது அந்த ஒரு மாதத்தில் தெளிவாகிவிட்டது. அட்டை தெருவுக்குப் போகவில்லை. பிஸ்கட் உறையும் ஷாம்பு சாஷேயும்தான் போயின. எடைக்கு வாங்க ஆளில்லை.

இதையெல்லாம் எழுத நேரம் எங்கே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பர் ஒருவர் கேட்டார். பால்கோவாக் கடை வைத்திருப்பவர். கேட்ட கையோடு, ஒரு அடுப்புக்கு நாளைக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை லிட்டர் பாலுக்கு எத்தனை கிலோ கோவா என்று விரல்விட்டுச் சொன்னார். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம் அது. விறகு ஒரு கிலோ கூடினால் அவருக்கு இரவு தூக்கம் வராது. விறகுக்கு இருக்கும் கணக்கு பெட்டிக்குள் போடும் பிளாஸ்டிக் தாளுக்கு இல்லை. அது கம்பெனி அச்சடித்துக் கொடுக்கிறது, மொத்தமாகப் போய்விடும் என்றார். அந்த ‘மொத்தமாக’ என்ற சொல்லில்தான் நம் எல்லோருடைய செலவும் ஒளிந்துகொண்டிருக்கிறது.

நாம் கேட்பது பெரிய அறிக்கை அல்ல. பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதித் தொடங்கும் புதுக் கணக்கில் ஒரு பக்கம் அதிகமாக ஒதுக்கினால் போதும். ஃபிரிட்ஜ் ஓடிய யூனிட், திரும்ப எடுக்காத காலாவதிச் சரக்கு, மாதம் வந்த பிளாஸ்டிக் உறைச் சரக்கு எத்தனை பெட்டி, விற்ற காலி எவ்வளவு. உறையை எடைபோட வேண்டாம். பெட்டி எண்ணிக்கை போதும், கம்பெனி வாரியாக. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நூறு கடைக்காரர்கள் மூன்று மாதம் இதை எழுதினால், எந்தக் கம்பெனியின் உறை நம் ஊரில் எவ்வளவு இறங்குகிறது என்று நம் கையில் இருக்கும். அவர்கள் வாரியத்துக்குக் காட்டும் கணக்குக்கு எதிரே அதை வைத்து, ஏஜென்ட் கூட்டத்தில் ‘காலிக்கு என்ன கமிஷன்?’ என்று கேட்கலாம். நகராட்சி அபராதம் போட வரும்போதும் அதே தாளைக் காட்டலாம். உத்தேச லாப முறையில் இருக்கும் கடைக்குச் சூரிய மின்தகட்டுக்குச் சலுகை வேண்டும் என்ற கோரிக்கைக்கும் நம் மின்கட்டணத் தொகையே சாட்சி.

ஒரு எச்சரிக்கை மட்டும். எழுதுவது என்றால் உள்ளதை எழுத வேண்டும். கமிஷன் வருமென்று பெட்டி எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டால், ஓடாத காற்றாலைக்குத் தேய்மானம் வாங்கியவர்களைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்காது.

அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கான பக்கத்தின் மாதிரியை எல்லோருக்கும் கொடுக்க ஏற்பாடு செய்கிறோம். வரும்போது கடைசி இரண்டு மின்கட்டண ரசீதையும் கடையில் எத்தனை கம்பெனி ஃபிரிட்ஜ் நிற்கிறது என்ற விவரத்தையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.